கல்லும் ஓலையும்: நடுநாட்டிற் சுவடி காத்த வரலாறு

நூல்கள் அழிதற்கு ஏதுக்கள் பல. தீ, நீர், கறையான் என்பன புறத்தே நின்று அழிப்பன; மறதியும் அச்சமும் அகத்தே நின்று அழிப்பன. புறத்தே வரும் கேட்டினைப் பெட்டியும் பூட்டும் ஒருவாறு தடுக்கும். அகத்தே வரும் கேட்டினைத் தடுக்க வல்லன ஓதுதலும் படியெடுத்தலுமே யன்றிப் பிறிதில்லை. இக்காலத்துச் சுவடி நிலையங்களிற் பணிபுரிவோர் ஏட்டை எங்கே வைப்பது, எவர்க்குக் காட்டுவது, எவ்வாறு பெயரிட்டு வரிசைப்படுத்துவது என்று எண்ணி இடர்ப்படுகின்றனர். இவ்விடர்கள் புதியன அல்ல. ஏடு எழுதத் தொடங்கிய நாள்முதலே இவை உடன் வந்தன. முன்னோர் இவற்றுக்குக் கண்ட விடைகள் எவை, அவற்றுள் எது நிலைத்தது, எது நிலையாது போயிற்று என்பதனை நடுநாட்டின் ஒரு சிறு பகுதியை நடுவாக வைத்து ஈண்டு ஆராய்வாம்.

கண்டமங்கலமும் அதன் சூழலும்

விழுப்புரத்தினின்றும் புதுச்சேரிக்குச் செல்லும் சாலையிலும் இருப்புப்பாதையிலும் இடைப்பட்டதோர் ஊர் கண்டமங்கலம். இவ்வூரினின்று கிழக்கே செல்வோர் வில்லியனூரையும் மேற்கே செல்வோர் திருபுவனையையும் அடைவர். அவ்விரண்டும் புதுச்சேரிக்கு உரியன. இடைநின்ற கண்டமங்கலமோ பழைய தென்னாற்காட்டுக்கு உரியதாயிருந்து, இப்பொழுது விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்தது. 1954 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி நீங்குமளவும் இரண்டு அரசுகளின் எல்லை இவ்வூரின் மருங்கே ஓடிற்று.

சைவ நன்மக்கள் இந்நிலத்தை அவ்வெல்லைக் கோட்டினால் அறியார். பதிகம் பெற்ற பதிகளினால் அறிவர். திருவடுகூர், திருவாமாத்தூர், புறவார்பனங்காட்டூர் முதலிய நடுநாட்டுப் பதிகளும், திருவக்கரை, திருவரசிலி, இரும்பை மாகாளம் முதலிய தொண்டைநாட்டுப் பதிகளும் ஒருநாள் நடையிற் சென்று வழிபடத்தக்க அணிமையில் இதனைச் சூழ்ந்துள்ளன. மெய்கண்ட தேவர் விளங்கிய திருவெண்ணெய்நல்லூரும் இம்மாவட்டத்ததே. ஆதலின், சைவத்தின் ஏடுகள் எழுதப்பட்டும் ஓதப்பட்டும் மறைந்தும் மீண்டும் வந்த வரலாற்றைக் காண்டற்கு இதனினும் ஏற்ற இடம் அரிது.

கல்லிற் கண்ட கல்விச்சாலைகள்

திருபுவனை வரதராசப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசாதிராச சோழனது முப்பதாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அது 1048 ஆம் ஆண்டினது. அவ்வூரில் 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் கூடிய கல்விச்சாலை ஒன்று இருந்ததென்றும், அதற்கென 72 வேலி நிலம் விடப்பட்டிருந்த தென்றும் அக்கல்வெட்டாற் பெறப்படும். கற்போரும் கற்பிப்போரும் ஊர்ச்சபையின் வாரியப் பணிகளினின்றும் விலக்கப்பட்டிருந்தனர் என்பதும் அதனாற் பெறப்படும் செய்தியாம்.

இதற்குச் சிறிது முற்பட்டது எண்ணாயிரம் கல்வெட்டு. எண்ணாயிரம் என்னும் ஊர் விக்கிரவாண்டிக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ளது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தே அங்கே 340 மாணாக்கர் பயின்றனர். அவருள் 270 பேர் இளையர், 70 பேர் மேற்கல்வி கற்போர். ஆசிரியர் 14 பேர். வேதமும் இலக்கணமும் மீமாஞ்சையும் வேதாந்தமும் ஆண்டுக் கற்பிக்கப்பட்டன. ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லும் கல்லில் வகுத்து வெட்டப்பட்டுள்ளது.

ஈண்டு நினைக்கத் தகுவது ஒன்றுண்டு. 340 மாணாக்கரும் 260 மாணாக்கரும் பயின்ற இடங்களில் ஏடுகள் எத்துணை இருந்திருத்தல் வேண்டும்! எழுதும் ஓலையை வாரிய கையும், எழுத்தாணி பிடித்த கையும், ஒப்புநோக்கிய கண்ணும் எத்துணையாயிருந்திருத்தல் வேண்டும்! அவ்வேடுகளுள் இவை அங்கே இருந்தன என்று இன்று காட்டத்தக்கது ஒன்றும் இல்லை. நெல் அளந்த கணக்கு நிலைத்தது. அந்நெல்லை உண்டு கற்றோர் கைக்கொண்ட ஏடு நிலைத்திலது. கல்லுக்கும் ஓலைக்கும் உள்ள வேற்றுமை இதுவே யாம்.

இதனாற் கல்லில் வெட்டினாற் போதும் என்று கொள்ளற்க. கல் சிறிதளவே கொள்ளும். எனினும், ஓலை கைவிட்டதனைக் கல் காத்துத் தந்த இடமும் உண்டு. திருஞானசம்பந்த சுவாமிகளது திருவிடைவாய்ப் பதிகம் எந்த ஏட்டுப் பிரதியிலும் காணப்படாதிருந்து, 1917 ஆம் ஆண்டில் அவ்வூர்த் திருக்கோயிற் கல்வெட்டினின்றும் எடுக்கப்பட்டது. கண்டமங்கலத்துக்கு வடக்கே, திண்டிவனம் செல்லும் வழிக்கண் உள்ள கிளியனூராகிய திருக்கிளியன்னவூர்க்குரிய பதிகமும் பழைய அடைவிற் சேராது நின்று, பிற்காலத்தே கிடைத்துத் திருமுறையோடு வைத்து எண்ணப்படுகின்றது. ஓர் ஊர் தனக்குரிய பதிகத்தை நெடுங்காலம் இழந்து, பின்னர்ப் பெறுதல் எத்துணைப் பெரும்பேறு என்பதனை அவ்வூராரே அறிவர்.

ஓலையின் வாழ்நாள்

பனையோலையின் இயல்பை அறியாதார்க்கு இவ்விழப்பின் காரணம் விளங்காது. முற்றாத ஓலையைத் தெரிந்து நறுக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மெருகிட்டு, துளையிட்ட பின்னரே அஃது எழுதுதற்கு ஏற்றதாம். எழுத்தாணியாற் கீறிய எழுத்துத் தோன்றுதற்பொருட்டு விளக்குக்கரியைப் பச்சிலைச் சாற்றிற் குழைத்துப் பூசுவர். ஏடுகளைக் கயிற்றாற் கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டித் துணியிற் பொதிந்து வைப்பர். பூச்சி அணுகாமைக்கு வசம்பும் வேம்பின் இலையும் உடன் இடுவர். இத்துணையும் செய்தவிடத்தும், நம் நாட்டின் வெப்பத்தினும் ஈரத்தினும் ஓர் ஏடு இருநூறு முந்நூறு ஆண்டுக்குமேல் நிற்றல் அரிது. ஆதலின் இன்று கையிலுள்ள ஏடுகளுட் பெரும்பாலன மிகப் பழையன அல்ல. பழையவற்றைப் பார்த்து எழுதியவற்றைப் பார்த்து மீண்டும் எழுதப்பட்டனவே.

இதனால் ஒருண்மை போதரும். ஓலையைக் காத்தல் என்பது ஓர் ஓலையைக் காத்தல் அன்று. ஓர் ஓலையினின்றும் மற்றோர் ஓலைக்கு நூலைக் கடத்துதலே யாம். எந்தத் தலைமுறை அப்பணியைச் செய்யாது விட்டதோ அத்தலைமுறையோடு நூல் நின்றுபோம். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைத்தில. புறநானூற்றில் இரண்டு பாட்டுக்கள் முழுதும் மறைந்தன. அவற்றை எவரும் பகைத்து அழித்திலர். எழுதவேண்டிய காலத்தே எழுதுவார் இலராயினர், அவ்வளவே.

மாறாக, மெய்கண்ட தேவரது சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரமே உடையதாயினும் மறையாது வந்தது. அருள்நந்தி சிவாசாரியர், மறைஞானசம்பந்தர், உமாபதி சிவாசாரியர் என வழிவழி வந்த மாணாக்கர் மரபு அதனை ஓதியும் விரித்தும் எழுதியும் போற்றிற்று. நூலைச் சிறிதாக யாத்தமையால் மட்டும் அது வாழ்ந்ததன்று. கேட்போர் இருந்தமையால் வாழ்ந்தது.

படியெடுத்தோர் பலர் ஏட்டின் இறுதியில், எழுதி முகிந்தது என்னும் தொடரோடு ஆண்டும் திங்களும் நாளும் தம் பெயரும் ஊரும் குறித்து வைத்தனர். சுவடி நிலையத்தார்க்கு இக்குறிப்பு அருநிதியாம். ஆயினும் அதன்கண் ஓர் இடர்ப்பாடு உண்டு. எழுதினோர் பெரும்பாலும் அறுபதாண்டு வட்டத்துப் பெயரையே குறித்தனர். விளம்பி என்றோ பிங்கள என்றோ கண்டால் அஃது எந்த வட்டத்ததென்று துணிதல் எளிதன்று. கொல்லமாண்டோ சகாப்தமோ உடன் எழுதப்பட்டிருப்பின் நன்று. இல்லையேற் கிழமையும் நாண்மீனும் கொண்டு கணித்தும், எழுத்தின் வடிவு நோக்கியுமே துணிதல் வேண்டும். இத்தகைய குறிப்பை வேண்டாததென்று விடுத்து நூற்பெயரை மட்டும் பட்டியலில் எழுதுவோர், அவ்வேட்டின் பிறப்பையே மறைத்தவராவர்.

பூட்டிய அறை

திருமுறை கண்ட வரலாற்றைச் சைவருள் அறியாதார் இலர். தில்லைத் திருக்கோயிலில் மூவர் கையடையாளத்தோடு ஓர் அறை பூட்டப்பட்டிருந்தது. மூவரும் வந்தாலன்றித் திறத்தற்கில்லை என்று அந்தணர் மறுத்தனர். மூவர் திருவுருவங்களையும் எழுந்தருள்வித்து அவ்வறையைத் திறப்பித்தான் சோழன். உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றினை நீக்கி எஞ்சியவற்றை எடுத்தனர். நம்பியாண்டார் நம்பி அவற்றை முறைசெய்தார் என்பது உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணத்தின் செய்தி. இதனைப் புராணம் எனக் கொள்வார் கொள்க, வரலாறு எனக் கொள்வார் கொள்க. இதன்கண் அமைந்த படிப்பினை ஒன்றே. அறையைப் பூட்டியோர் பகைவரல்லர். பெரிதும் மதித்தமையாற் பூட்டினர். அம்மதிப்பே ஏட்டைக் கறையானுக்கு ஈந்தது. பாடல்கள் பல்லாயிரமாயிருந்தன என்பது மரபு. இன்று எஞ்சி வழங்கும் பதிகங்கள் எண்ணூற்றின் அளவின.

அக்காலத்து அரசர் இப்படிப்பினையை உணர்ந்தனர் போலும். இராசராச சோழன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் நாற்பத்தெண்மரையும், உடுக்கை கொட்டிமத்தளம் வாசிப்பார் இருவரையும் அமைத்து, ஐம்பதின்மர்க்கும் நெல் வகுத்தான் என்பது ஆண்டுள்ள கல்வெட்டாற் புலனாம். கண்டெடுத்த திருமுறையை மீண்டும் ஓர் அறையில் வைத்துப் பூட்டினானல்லன். அதனை நாவின்கண் வைத்தான். தில்லையிற் சரசுவதி பண்டாரம் என்னும் நூற்சாலை ஒன்று இருந்தமையும் கல்வெட்டால் அறியப்படும்.

எனினும் பூட்டும் வழக்கம் ஒழிந்ததன்று. 1785 ஆம் ஆண்டிற் சிவகதி யடைந்த சிவஞான முனிவர் இயற்றிய மாபாடியம் சித்தாந்த உரைகளுள் தலைநின்றது. அஃது ஒரு நூற்றாண்டுக்குமேல் ஏட்டளவிலேயே நின்று, இருபதாம் நூற்றாண்டிலேதான் முழுதும் அச்சேறிற்று. தகுதியில்லார் கையிற் பட்டாற் பொருள் திரியும் என்னும் அச்சம் அதற்குக் காரணமாகலாம். அவ்வச்சத்தை முற்றும் பழித்தல் தகாது. ஆசிரியன்பாற் கேளாது ஏட்டை மட்டும் பார்ப்பவன் பிழைபடக் கற்றல் உண்மையே. ஆயினும், காட்டாது வைத்த ஏடு பிழையின்றி நிற்பினும் பயனின்றி நிற்கும். காவலும் வேண்டும், காட்டலும் வேண்டும் என்னும் இவ்விரண்டனுள் எதனை எங்கே முற்படுத்துவது என்பதே சுவடி காப்போர்க்கு எக்காலத்தும் உள்ள இடர்ப்பாடாம்.

மதிப்பினால் அழிந்ததற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு உண்டு. கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலில் வரகுணராம பாண்டியன் தொகுத்த ஏடுகள் இருந்தன என்று கேட்டு உ. வே. சாமிநாதையர் ஆண்டுச் சென்றார். பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக ஆண்டுள்ளார் கூறக் கேட்டு அவர் மனம் நொந்ததனைத் தாமே எழுதிவைத்துள்ளார். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விடுதலும் பல ஊர்களில் நிகழ்ந்தது. நவராத்திரியிற் சந்தனம் பூசி மலரிட்டு வணங்கி, கட்டவிழ்த்து ஒருகாலும் பாராது மீண்டும் பரண்மேல் ஏற்றுதல் அதனினும் மெல்லிய அழிவாம்.

அச்சும் தேட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு வந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்றெழுதும் நெடும்பணி ஒருநாளில் நூறு படி தரும் பொறியாயிற்று. ஆறுமுக நாவலர் சைவ நூல்களைப் பிழையறப் பதிப்பித்து வழிகாட்டினார். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தார். அவ்வாண்டிலேயே சாமிநாதையரது சீவகசிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. ஐயரது தேட்டத்திற்குத் திருவாவடுதுறை ஆதீனத்தில் விளங்கிய சுப்பிரமணிய தேசிகரும் அம்மடத்து ஏடுகளும் எவ்வளவு துணை நின்றனர் என்பது யாவரும் அறிந்ததே. மடம் பூட்டியதும் உண்டு. மடம் வாரி வழங்கியதும் உண்டு. இரண்டனையும் ஒருங்கு நோக்குதலே வரலாற்று நெறியாம்.

அச்சு ஒருவகையில் ஏட்டுக்குப் பகையும் ஆயிற்று. அச்சில் வந்துவிட்டது, இனி ஏடு எதற்கு என்று எண்ணி ஏட்டை எறிந்தோர் பலர். பதிப்பாசிரியர் கொண்ட பாடம் ஒன்று. கொள்ளாது விட்ட பாடம் ஏட்டிலேயே இருக்கும். ஏடு போயின், பதிப்பில் நேர்ந்த பிழையை அறிதற்கும் வழியில்லை. ஆதலின் ஏட்டினைத் தொகுத்து வைக்கும் நிலையங்கள் வேண்டப்பட்டன. 1821 ஆம் ஆண்டில் மறைந்த காலின் மெக்கன்சி என்னும் நிலவளவைத் தலைவர் தொகுத்தவற்றின் ஒரு பகுதி முதலியவற்றைக் கொண்டு 1869 ஆம் ஆண்டிற் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நிலையம் ஏற்பட்டது. தஞ்சையில் அரசர் நூற்சாலையாயிருந்த சரசுவதி மகால் 1918 ஆம் ஆண்டிற் பொதுமக்கட்குரியதாயிற்று. சாமிநாதையர் 1942 ஆம் ஆண்டிற் சிவபதம் அடைந்தபின், அவரது தொகுதியைக் கொண்டு 1943 ஆம் ஆண்டில் அவர் பெயரால் நூல்நிலையம் நிறுவப்பட்டது.

புதுச்சேரி ஆகமத் தொகுதி

தமிழேடுகளைத் தேடுவார் இவ்வாறு எழுந்தனர். ஆகம ஏடுகளோ தேடுவாரின்றிக் கிடந்தன. மூலாகமம் இருபத்தெட்டு, உபாகமம் இருநூற்றேழு என்பது மரபு. அவை சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களாற் கோயில் வழிபாட்டையும் வீடுபேற்று நெறியையும் வகுப்பன. வடமொழியில் அமைந்து, தமிழ்நாட்டிற் கிரந்த எழுத்தில் எழுதப்பட்டு, சிவாசாரியர் இல்லங்களிலும் மடங்களிலும் இருந்தன. தந்தை மகனுக்குக் கற்பித்து வழங்கிய இடங்களில் அவை நின்றன. மகன் வேறு தொழிலுக்குச் சென்ற இடங்களிற் பரணேறின.

1955 ஆம் ஆண்டிற் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தோன்றிற்று. அதனை நிறுவிய சான் பிலியோசா மருத்துவமும் வடமொழியும் தமிழும் கற்றவர். ஆட்சி நீங்கிய மறுவாண்டிலே கல்விநிலையம் ஒன்று எஞ்சி நின்றது வியக்கத்தக்கது. கண்டமங்கலத்தின் மருங்கே ஓடிய அரசெல்லை அழிந்தது. அவ்வெல்லைக்கு அப்பால் அமைந்த நிறுவனமோ இப்பாலுள்ள ஊர்களின் ஏடுகட்குப் புகலிடமாயிற்று. அங்கே பணிபுரிந்த என். ஆர். பட் என்னும் பேராசிரியர் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் சிவாசாரியர் இல்லங்களினின்றும் ஏடுகளை ஈட்டும் பணியை நடத்தினார். தருவோரிடம் ஏடாகப் பெற்றனர். தர இசையாதாரிடம் இரவலாகப் பெற்றுக் காகிதத்திற் பெயர்த்தெழுதி மூலத்தை அவர்பாலே சேர்த்தனர்.

இவ்வாறு திரண்ட தொகுதியில் 8,000-க்கு மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுக்களும், 1,100-க்கு மேற்பட்ட காகிதப் படிகளும் உள. தூரகிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியின் புதுச்சேரி நிலையத்து ஏடுகளையும் சேர்த்து நோக்கின் ஏறத்தாழ 11,000 ஆம். 2005 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இதனை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

தொகுத்ததோடு அந்நிறுவனம் நின்றிருப்பின் இதுவும் பூட்டிய அறையே யாகும். அவ்வாறின்றி, இரௌரவாகமத்தின் முதற்பகுதி 1961 ஆம் ஆண்டிலும், மிருகேந்திராகமத்தின் பகுதி 1962 ஆம் ஆண்டிலும், அசிதாகமத்தின் முதற்பகுதி 1964 ஆம் ஆண்டிலும் பட் அவர்களாற் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கப்பட்டன. தி. வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம் பண்முறையும் தலமுறையும் விளங்க 1984 முதலாக அங்கிருந்தே வெளிவந்தது. தேவாரத்தின் மின்பதிப்பும் 2007 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏட்டை ஈட்டியவர் ஏட்டை ஓதவும் வல்லராயிருந்தமையே இப்பயனுக்குக் காரணம் என்க.

இடம்பெயர்ந்த ஏடு

ஈண்டு ஓர் ஆசங்கை நிகழும். ஊர்க்கோயிலிலும் இல்லத்திலும் இருந்த ஏட்டை நகரத்து நிலையத்திற்குக் கொண்டுசெல்லுதல் முறையோ? அவ்வூர்க்கு அஃது இழப்பன்றோ? இவ்வினாவினை எளிதில் தள்ளுதல் ஆகாது. ஏட்டில் எழுதியது மட்டும் ஏடன்று. எந்த ஊரில், எவர் மரபில், எந்தக் கோயில் வழிபாட்டின்பொருட்டு அஃது இருந்தது என்பதும் அவ்வேட்டின் பகுதியே யாம். காமிகத்தின் ஓர் ஏடு திருவாமாத்தூரில் வழங்கிற்றா திருநெல்வேலியில் வழங்கிற்றா என்று அறியாவிடின், அவ்விடத்து வழிபாட்டின் வரலாறும் உடன் மறையும். ஆதலின் ஏட்டைப் பெறும்போதே உடையவர் ஊரும் மரபும் எழுதிக்கொள்ளுதல் சுவடி நிலையத்தார்க்குத் தலையாய கடமை. பெயர்த்தெழுதிய படிகளிலும் மூலம் எவருடையது, எவ்வூரது என்பதனை முகப்பிற் குறித்தல் வேண்டும். அக்குறிப்பு ஒரு வரியே. அதனை எழுதாது விட்டாற் பின்னர் ஆயிரம் வரியாலும் ஈடுசெய்தல் இயலாது.

இதற்கு வேறொரு வழியும் இந்நூற்றாண்டிற் காணப்பட்டது. 2004 ஆம் ஆண்டில் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தைச் சார்ந்து தொடங்கிய, அருகிவரும் ஆவணங்களைக் காக்கும் திட்டம், மூலத்தை உரிய நாட்டிலேயே விட்டுப் படிவத்தை மட்டும் எடுத்தலைக் கொள்கையாக உடையது. புதுச்சேரி நிறுவனத்தார் அத்திட்டத்தின்வழித் தமிழ்நாட்டூர்ச் சபைகளின் வழக்குத் தீர்வு ஆவணங்களையும் தேடிப் படியெடுத்தனர். ஊரார் வீட்டுப் பெட்டிகளில் இருந்த தாள்களும் நூல்நிலையத்து அரும்பொருளும் ஒருங்கு மதிக்கத் தக்கன என்பதனை இப்பணி நாட்டியது.

ஒருவரது தொகுதி முழுதும் சிதறாது நிற்றலும் வேண்டற்பாலது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பார் தம் வாழ்நாள் முழுதும் நூல்களும் இதழ்களும் அறிக்கைகளும் தொகுத்தார். அவை ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். 1992 ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுதியை விலைகொடுத்துப் பெற்றது. பெற்றும் கடல்கடந்து கொண்டுசெல்லாது சென்னையிலேயே நூல்நிலையமாக நிறுத்தியது. பொருள் தந்தோர் ஓரிடத்தார், ஏடு நின்றது அதற்குரிய நாட்டில் என்னும் இவ்வொழுங்கு பின்பற்றத் தக்கது.

ஓரிடத்தே மட்டும் வைத்தலின் கேட்டினைக் கூறவும் நெஞ்சு நடுங்கும். 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவிலும் மறுநாளிலும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடிருந்த ஏடுகளும் சாம்பராயின. வேறிடத்தே படியில்லாத நூல் அன்றோடு உலகினின்றும் நீங்கிற்று. அவ்விழப்பினை நினைந்தே ஈழத்து நூல்களை மின்படிவமாக்கும் நூலகம் என்னும் பணி 2005 ஆம் ஆண்டிற் தொடங்கப்பட்டது. காவலின் முதல்விதி கதவன்று. படியின் எண்ணிக்கையே என்பது இதனாற் பெறப்பட்டது.

வாசிப்போர் வேண்டும்

இக்காலத்தே ஏடுகட்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசியும், தூசு நீக்கியும், குளிர்ந்த அறையில் வைத்தும் காக்கின்றனர். ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்துப் பலவற்றை இணைய வழியாக யாவரும் காணத் தந்துள்ளனர். முன்னோர் கனவினும் காணாத ஏந்து இஃது. ஆயினும் படம்பிடித்தல் படியெடுத்தல் ஆகாது. படியெடுப்பவன் ஒவ்வோர் எழுத்தையும் வாசித்தல் வேண்டும். படம்பிடிக்கும் கருவியோ ஓரெழுத்தையும் வாசிப்பதன்று. முன்னர் ஏடு இருந்தவிடத்தே வாசிப்போரும் இருந்தனர். இப்பொழுது ஏட்டின் உருவம் எங்கும் உளது. வாசிப்போர் சிலரே உளர்.

ஏட்டை வாசித்தல் எழுத்தறிந்தார் யாவர்க்கும் இயல்வதன்று. பழைய ஏட்டில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேற்றுமையின்றி எழுதப்பட்டிருக்கும். ரகரமும் காலும் ஒருவடிவின. சொற்கள் பிரிக்கப்படாது தொடர்ந்து செல்லும். பொருள் அறிந்தானன்றி இவற்றைப் பிரித்தல் ஒருவனுக்கு இயலாது. ஆகம ஏட்டிற்கோ கிரந்த எழுத்தும் வடமொழியும் சைவக்கிரியை முறையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரே கட்டில் ஐந்தாறு நூல்கள் இருத்தல் உண்டு. ஒரு பத்ததியினிடையே பல ஆகமங்களின் பகுதிகள் விரவிவருதலும் உண்டு. முதலேட்டின் தலைப்பை மட்டும் பார்த்துப் பெயர் எழுதுவோர், உள்ளிருக்கும் அரிய நூலைப் பட்டியலினால் ஒளித்தவராவர். பெட்டியில் இழந்த ஏட்டைக் கண்டெடுத்தலினும் பட்டியலில் இழந்த ஏட்டைக் கண்டெடுத்தல் அரிது.

ஆதலின் சுவடி நிலையத்தின் செலவுக் கணக்கில் அறைக்கும் கருவிக்கும் ஒதுக்கும் பொருளோடு ஆளுக்கு ஒதுக்கும் பொருளையும் நோக்குதல் வேண்டும். இளைஞர் ஒருவர் ஏடு வாசிக்கக் கற்றற்குச் சில ஆண்டுகள் செல்லும். அவ்வாண்டுகளில் அவர்க்கு உணவும் ஊதியமும் அமையாவிடின் அவர் வேறு தொழிலுக்குச் செல்வார். செல்லுதலிற் குற்றமும் இல்லை. கற்பிக்க வல்ல முதியோர் ஒவ்வொருவராய் மறைய, கற்கும் இளையோர் வாராதொழியின், உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்ந்த ஏடும் எவராலும் வாசிக்கப்படாத ஏடாய் முடியும். அது கறையான் புற்றின் மறுவடிவமே யாம்.

இதுகாறும் கூறியவாற்றால், ஏட்டைப் பலவிடத்தும் படிசெய்து வைத்தல், அது வந்த ஊரும் மரபும் தவறாது குறித்தல், அதனை ஓத வல்லாரை இடையறாது உண்டாக்குதல் என்னும் மூன்றும் சுவடி காப்போர் கடமையென்பது பெறப்பட்டது. இவற்றுள் முதலிரண்டும் பொருளாலும் உழைப்பாலும் இயல்வன. மூன்றாவது ஆசிரியனும் மாணாக்கனும் நெடுநாள் கூடியிருந்தாலன்றி இயலாதது.

திருபுவனைக் கல்வெட்டினை இக்கருத்தோடு மீண்டும் நோக்குக. அக்காலத்தார் 72 வேலி நிலத்தை ஏட்டறைக்கென விட்டாரல்லர். 260 மாணாக்கர்க்கும் 12 ஆசிரியர்க்கும் விட்டனர். ஊர்ப்பணியினின்றும் அவர்களை விலக்கியதும் கற்றலும் கற்பித்தலும் தடைப்படாமைப் பொருட்டே. அந்நிலக்கொடை நின்றபின் அச்சாலையின் ஏடுகளும் நின்றில. கண்டமங்கலத்தினின்று புறப்பட்டு மேற்கே செல்வோர் அக்கல்லையும், கிழக்கே புதுச்சேரிக்குச் செல்வோர் ஆயிரக்கணக்கான ஏடுகளையும் இன்றும் காணலாம். கல்லில் உள்ள ஒழுங்கு அவ்வேடுகட்கும் வாய்க்குமாயின் அவை வாழும்.

திருச்சிற்றம்பலம்.